டிசம்பரில் ரீயூனியன் மலைநடைக்கு ரிக்கட் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் சுற்றுலாப் பக்கத்தில் ரீயூனியன் தீவை நடந்தே குறுக்காகக் கடப்பது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் இப்படி ஒரு விஷயம் வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கட்டுரையில் இரண்டு வரிகள் என்னைத் தூங்கவிடவில்லை. தீவு சிறியது, ஆகவே ஒரு கிழமையில் நிதானமாக நடந்து முடித்துவிடலாம் என்பது ஒன்று. டிசம்பர் பாடசாலை விடுமுறை இதற்கு நல்ல காலம் என்பது மற்றது. இரண்டுமே பிழை, அதுவும் ஆளைக் கொல்லக்கூடிய பிழை.

வெள்ளவத்தைக் கடற்கரையிலும் சுதந்திர சதுக்கத்திலும் காலையில் நடக்கிற எங்கள் குழுவில் கட்டுரை வந்த அன்றே அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். இப்போது இளம் பிள்ளைகள் சிலர் டிசம்பருக்கு விமான ரிக்கட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்தப் பாதையை நடந்தவன். அவர்கள் காசைக் கட்டுவதற்கு முன் இந்தக் கடிதம் அச்சில் வரவேண்டும் என்பதால் அவசரமாக எழுதுகிறேன், நீண்டுபோனால் மன்னியுங்கள்.

முதலில் மாதம். ரீயூனியன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, 21ஆம் பாகைக்குப் பக்கத்தில், மொரீஷியஸுக்கு அருகே இருக்கிறது. அங்கே நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை மழைக்காலம், சூறாவளிக் காலமும் அதுதான். 2024 ஜனவரியில் பெலால் என்ற சூறாவளி அடித்தது, 2025 பெப்ரவரி கடைசியில் கரான்ஸ் அடித்தது. உயர்ந்த எச்சரிக்கை விடுத்துவிட்டால் வீட்டை விட்டு வெளியே நடமாடவே தடை, மலைப்பாதையைப் பற்றிப் பேச்சே இல்லை. சூறாவளி போன பிறகும் பாதைகள் உடனே திறக்காது. மண்சரிந்த இடங்களை வனத்துறையினர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தித்தான் திறப்பார்கள், அதற்குக் கிழமைகளும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

மழை என்றால் எவ்வளவு மழை என்று கேட்கலாம். 1992 ஜூனில் கொழும்பு மூழ்கியதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று ஒரு நாளில் பெய்தது 500 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ரீயூனியனில் ஃபொக்-ஃபொக் என்ற மேட்டில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் பெய்தது 1,825 மில்லிமீற்றர். உலகத்திலேயே ஒரு நாளில் பதிவான ஆகக்கூடிய மழை அதுதான். 2007 பெப்ரவரியில் கமேட் சூறாவளி வந்தபோது கொமெர்சன் என்ற எரிமலைக் குழிப் பக்கம் மூன்று நாளில் 3,929 மில்லிமீற்றர் கொட்டியது, கிட்டத்தட்ட நான்கு மீற்றர் உயரத் தண்ணீர். கடலில் இருந்து வருகிற ஈரக்காற்று மூவாயிரம் மீற்றர் உயரச் சுவரில் முட்டி மேலே ஏறும்போது சுமந்து வந்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது, சூறாவளி சேர்ந்துகொண்டால் கணக்கே இல்லை. இந்த இரண்டு இடங்களும் ஆளில்லாத மூலைகள் என்று நினைத்துவிட வேண்டாம். குறுக்கு நடையின் கடைசிப் பகுதி போகிற எரிமலைப் பக்கத்து மேட்டுநிலம்தான் அது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை இறங்கி வந்ததைப் பார்த்த நாட்டுக்காரர்கள் நாங்கள். ஈரமான சரிவு என்ன செய்யும் என்று எங்களுக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அங்கேயும் 1875இல் சலாஸிப் பள்ளத்தாக்கில் மலைச்சரிவு ஒரு குடியிருப்பையே மூடியிருக்கிறது.

ஆகவே போவதென்றால் மே மாதத்தில் இருந்து ஒக்டோபர் வரைக்குள் போகவேண்டும். அதிலும் என் விருப்பம் மே கடைசி, ஜூன், அல்லது செப்டம்பர். எங்கள் ஓகஸ்ட் விடுமுறையில் போகலாம்தான், ஆனால் ஜூலையிலும் ஓகஸ்டிலும் பிரான்ஸில் இருந்து வருகிறவர்கள் தங்குமிடங்களை நிரப்பிவிடுவார்கள். ஒக்டோபர் நடுவில் கிரான் ரெய்ட் என்ற பெரிய மலையோட்டம் நடக்கும், அப்போது பாதையும் விடுதிகளும் அவர்களுக்குத்தான்.

இந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் யூடியூபில் பார்ப்பது அதைத்தான். தீவின் தெற்கில் இருந்து வடக்குக்கு 160 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறார்கள், முதலாவதாக வருகிறவர் ஏறக்குறைய ஒரு இரவும் பகலும் ஓடி முடித்துவிடுகிறார். அதைப் பார்த்துவிட்டு, அவர் ஒரு நாளில் முடித்தால் நாங்கள் ஏழு நாளில் நடக்கமாட்டோமா என்று எங்கள் குழுவில் ஒரு தம்பி கேட்டான். அந்த ஓட்டக்காரர்கள் வருடக்கணக்காக மலையிலேயே பயிற்சி செய்கிறவர்கள், முதுகில் சின்னப் பை, வழியெல்லாம் சாப்பாடும் மருத்துவரும் காத்திருப்பார்கள். நாம் போவது அப்படியல்ல.

சரி, இனித் தூரத்துக்கு வருகிறேன். தீவின் ஆகக்கூடிய நீளம் எழுபது கிலோமீற்றருக்கு உள்ளேதான், பரப்பளவு 2,500 சதுர கிலோமீற்றர் சொச்சம். இலங்கைக்குள் இருபத்தைந்து ரீயூனியனை வைக்கலாம். இதைப் பார்த்துத்தான் கட்டுரையாளர் சிறிய நடை என்று எழுதிவிட்டார் போலும். ஆனால் வடக்கே தலைநகர் சான் தெனியில் இருந்து தென்கிழக்குக் கடற்கரை வரை போகிற பாதை, ஜிஆர் ஆர்2 என்று பெயர், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு அடையாளம் வைத்திருப்பார்கள், அது சுமார் 130 கிலோமீற்றர். அந்த 130கூட முக்கியமில்லை. அங்கே கிலோமீற்றரைக் கேட்காதீர்கள், எத்தனை மீற்றர் ஏற்றம், எத்தனை மீற்றர் இறக்கம் என்று கேளுங்கள். அங்குள்ளவர்களும் தூரத்தைச் சொல்லமாட்டார்கள், எத்தனை மணி நேரம் என்றுதான் சொல்வார்கள். மாஃபாத் பள்ளத்தாக்கில் எட்டுக் கிலோமீற்றருக்குக் காலை முழுவதும் போய்விடும்.

பாதையைக் கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும். கடலோரத்தில் இருந்து மலையேறி, தோ தான் என்ற ஊர்ப் பக்கம் வந்து, அங்கிருந்து ரிவியேர் தே கலே ஆற்றங்கரை வரை எழுநூறு மீற்றருக்கு மேல் இறங்கவேண்டும். ஆற்றைத் தாண்டி மறுபடி ஏறினால் மாஃபாத். அதற்குள்ளேயே ஒவ்வொரு குடியிருப்புக்கும் நடுவில் ஒரு ஓடை, ஓடைக்கு இறங்கினால் திரும்ப ஏறவேண்டும், இப்படியே போய் 1,600 மீற்றர் உயரத்தில் மார்லா என்ற கடைசிக் குடியிருப்பு. பிறகு தாய்பி கணவாய், 2,081 மீற்றர். அதைத் தாண்டி 1,200 மீற்றரில் இருக்கிற சிலாவோஸ் ஊருக்கு இறங்கவேண்டும். இறங்கி முடித்துக் காலை நீட்டினால் அடுத்த நாள் அதே ஊரில் இருந்து 2,478 மீற்றரில் கவெர்ன் துஃபூர் விடுதிக்கு ஏற்றம். அங்கிருந்து பிதோன் தே நேஜ் சிகரம் 3,070 மீற்றர், இந்து சமுத்திரத் தீவுகளிலேயே ஆக உயர்ந்த இடம், எங்கள் பிதுருதலாகலையைவிட ஐந்நூறு மீற்றருக்கு மேல் கூடுதல். அப்புறம் சேறும் மரவேரும் ஏணியுமாக இருக்கிற நீண்ட இறக்கத்தில் பூர் முரா மேட்டுநிலத்துக்கு வந்து, மறுபடி எரிமலைப் பக்கம் 2,300 மீற்றர் வரை ஏறி, கடைசியில் அந்த 2,300 மீற்றரையும் கடல் வரை இறங்கித் தீர்க்கவேண்டும்.

நல்லதண்ணிப் பக்கத்தில் இருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறியவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த ஏற்றம் ஏறக்குறைய ஆயிரம் மீற்றர். அடுத்த நாள் காலில் படி இறங்கமுடியாமல் பக்கவாட்டில் இறங்கியது நினைவிருக்கும். அதே மலையை முதுகில் ஒன்பது பத்துக் கிலோ பையோடு, வெளிச்சம் வைத்த படிக்கட்டோ தேநீர்க்கடையோ இல்லாமல் ஏறி இறங்கி, மறுநாளும் அதையே செய்து, அதற்கடுத்த நாளும் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ரீயூனியன் அதுதான். பழகியவர்களே இதற்கு ஒன்பதில் இருந்து பன்னிரண்டு நாள் வைத்துக்கொள்கிறார்கள். கொழும்பில் மேசைவேலை செய்கிறவர்கள் பன்னிரண்டு நாளோடு நடுவில் சிலாவோஸில் ஒரு நாள் ஓய்வும் வைக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிலாவோஸில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, கடை இருக்கிறது, வங்கி இயந்திரம் இருக்கிறது, கால் கொப்புளம் ஆறவும் இடமிருக்கிறது. முடியாவிட்டால் பஸ்ஸில் இறங்கிப்போகவும் வழி உண்டு. ஊருக்கு இருக்கிற ஒரே வீதி அது, நானூறு வளைவு வீதி என்று சொல்வார்கள்.

ஒரு நாளுக்குள் நடக்கிற நேரமும் குறைவு. ஜூலையில் அங்கே சூரியன் உதிக்க ஏழு மணி ஆகப்பார்க்கும், ஆறு மணிக்கு முன் மறைந்துவிடும். பகல் பத்து பதினொரு மணியானால் பள்ளத்தாக்கில் இருந்து முகில் ஏறி மலையை மூடும், அனேகமாக ஒவ்வொரு நாளும். கணவாயில் நின்று காட்சி பார்க்கவேண்டும், பாதையைச் சரியாகப் பார்த்து நடக்கவேண்டும் என்றால் விடிகிற நேரத்தில் கிளம்பவேண்டும். பகல் பன்னிரண்டுக்கு எழும்பிச் சாவகாசமாக வெளிக்கிடுகிறவர்களுக்கு அந்த மலை ஒத்துவராது.

மாஃபாத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, எனக்கு அது பெரிய குறை. அந்தத் தீவில் நான் ஆகக்கூடுதலாக மதிக்கிற இடம் அது. சுற்றிவர ஆயிரம் மீற்றர் உயரச் சுவர், உள்ளே வாகன வீதி என்று ஒரு அடிகூடக் கிடையாது. தோட்டங்களில் இருந்து தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த பள்ளத்தாக்கு. இன்றைக்கும் எழுநூறு எண்ணூறு பேர் சின்னச் சின்னக் குடியிருப்புகளாக அங்கே இருக்கிறார்கள். அரிசியும் சமையல் வாயுவும் சீமெந்தும் ஹெலிகொப்டரில் வரும், குப்பையும் ஹெலிகொப்டரில் போகும், மின்சாரம் சூரியத் தகட்டில் இருந்து. தபால்காரர் அந்த மலைகளை நடந்தே கடந்து கடிதம் கொடுத்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, சின்னக் கடை இருக்கிறது, ஆனால் அங்கே ஒரு போத்தல் குடிபானம் வாங்கினால் அது வானத்தில் இருந்து இறங்கியது என்று நினைத்து விலையைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். கையில் யூரோக் காசு வைத்திருங்கள், அட்டை எல்லா இடத்திலும் எடுபடாது, பணம் எடுக்கும் இயந்திரம் உள்ளே கிடையாது. கொண்டுபோன பிளாஸ்டிக்கை நீங்களே திரும்பக் கொண்டுவாருங்கள். வீட்டு முற்றம் வழியாகத்தான் பாதை சில இடத்தில் போகும், போன்ஜூர் சொல்லாமல் கடக்காதீர்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள். நம் மலையகத்து நடைபாதையான பெக்கோ ட்ரெயிலில் நடக்கிற சிலர் லயத்து வாசலில் நின்று கேட்காமல் படமெடுப்பதைப் பார்த்து எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கிறது! நம் ஆட்கள் இன்னொரு இடத்தில் அதைச் செய்யக்கூடாது.

மாஃபாத்துக்குள் நுழையும்போது கடக்கிற ஆறும் கவனிக்கவேண்டியது. தோ தானில் இருந்து இறங்கிச் சேர்கிற டூ ப்ரா பக்கத்தில் ஆற்றைத் தண்ணீரிலேயே இறங்கிக் கடக்கவேண்டிய இடங்கள் உண்டு. மேலே மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறிவிட்டால் காத்திருங்கள், திரும்பிப்போங்கள், கடக்க மட்டும் வேண்டாம். இன்னொன்று, அங்கேயும் எலிக்காய்ச்சல் இருக்கிறது, வயலில் வேலை செய்கிறவர்களுக்கு வருகிறதே, அதே நோய்தான். காலில் புண்ணோடு தேங்கிய தண்ணீரில் நிற்கவேண்டாம். ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ, சுத்திகரிக்கும் குளிசை போட்டோ குடியுங்கள். நுளம்புக்கும் பூச்சுத் தேவை, 2005–06இல் சிக்குன்குனியா தீவின் மக்களில் மூன்றில் ஒருவரைப் பிடித்தது, 2025இலும் திரும்ப வந்தது. விஷப்பாம்பு பயம் மட்டும் அங்கே இல்லை, அது ஒரு நிம்மதி.

தங்குமிடம். அங்கே ழீத் என்று சொல்கிற மலைவிடுதிகள்தான் ஒரே வழி என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடாரம் சுமந்தால் பை கனத்துவிடும். ஒரு அறையில் ஆறு எட்டுப் பேர், அடுக்குக் கட்டில், இரவுச் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே மேசையில். சோறு, பருப்பு அல்லது அவரை, கறி, கூடவே ருகாய் என்கிற உறைப்புச் சம்பல். நம் வாய்க்குப் பழக்கமான சாப்பாடுதான். கறி அனேகமாகக் கோழி அல்லது பன்றி, ஆகவே மரக்கறிக்காரர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடவேண்டும். அன்றைக்குப் போய்ச் சேர்ந்து கேட்டால் சோறும் பருப்பும்தான். சிலாவோஸ் பருப்பு நல்ல பருப்பு, அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். பதிவு மாதங்களுக்கு முன்பே செய்யவேண்டும், கவெர்ன் துஃபூரை முதலில் பிடியுங்கள், அது கிடைத்த திகதியை வைத்து மற்ற இரவுகளை முன்னும் பின்னுமாக அடுக்குங்கள். அந்த உயரத்தில் வேறு கூரை இல்லை என்பதால் முழு நடையின் திகதியையும் தீர்மானிப்பது அந்த ஒரு விடுதிதான்.

அங்கேதான் குளிரும். வெப்பவலயத் தீவு, தென்னையும் கடலும் என்ற நினைப்பில் ஒரு ரீஷேர்ட்டோடு போய் நடுங்குகிறவர்களை நான் பார்த்தேன். ஜூலை இரவில் அந்த உயரத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குப் பக்கம் போகும், புல்லில் உறைபனி பிடிக்கும், ஜனவரியில் நுவரெலியாவில் பிடிக்கிறதே அதைப்போல. சூரிய உதயம் பார்க்க விடியற்காலை நான்கு மணிக்கு முன் டோர்ச்சோடு சிகரத்துக்கு ஏறவேண்டும், வேர்த்த உடம்போடு மேலே காற்றில் நிற்கவேண்டும். கம்பளிச் சட்டை, காற்றும் மழையும் புகாத மேற்சட்டை, தொப்பி, கையுறை எல்லாம் வேண்டும். இதற்கு ஆயிரக்கணக்கான டொலர் செலவழிக்கத் தேவையில்லை, புறக்கோட்டையில் தேடினால் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய நல்ல சட்டைகள் கிடைக்கும். சப்பாத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். புதுச் சப்பாத்தை விமானத்தில் போட்டுக்கொண்டு போகவும் வேண்டாம், இரண்டு மூன்று மாதம் இங்கேயே நடந்து பழக்குங்கள். இரண்டு கைத்தடி எடுங்கள். ஏற்றத்துக்கு இல்லாவிட்டாலும் இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்றும்.

எரிமலை விஷயம் தனி. பிதோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீற்றர், உலகத்தில் அடிக்கடி பொங்குகிற எரிமலைகளில் ஒன்று, ஒரே வருடத்தில் இரண்டு மூன்று தரம்கூடப் பொங்கும். அனேகமாக அது வெடித்துச் சிதறுகிற வகை இல்லை, பிளவில் இருந்து குழம்பு ஒழுகி வருகிற வகை, அதனால்தான் மக்கள் பக்கத்தில் வாழ்கிறார்கள். என்றாலும் 1977இல் குழம்பு பிதோன் சென்ட் ரோஸ் ஊருக்குள் வந்து வீடுகளை எரித்தது, தேவாலயத்தின் வாசலைச் சுற்றிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகுதான் பூர் முராவில் எரிமலை ஆய்வு நிலையம் அமைத்தார்கள். 2007 ஏப்ரலில் உச்சியில் இருந்த குழி முந்நூறு மீற்றருக்கு மேல் உள்ளே இடிந்து இறங்கிவிட்டது. ஆகவே ஆய்வு நிலையத்தின் கருவிகள் அசைவைக் காட்டினால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், எரிமலையைச் சுற்றி இருக்கிற பெரிய பள்ளத்துக்கு, அதாவது உள்வட்டத்துக்கு, இறங்குகிற வாசலைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் பூட்டியதுதான். நமது குறுக்குப் பாதை அந்த உள்வட்டத்தின் வெளி விளிம்போடு போவதால் நடை நின்றுவிடாது, சிகரம்தான் கிடைக்காது. அதற்காக வேலி தாண்டுகிற வீரம் வேண்டாம். முகில் இறங்கினால் அந்தக் கறுப்புப் பாறைவெளியில் வெள்ளைப் புள்ளி அடையாளத்தைத் தவறவிட்டவருக்குத் திசையே தெரியாது.

விசாவைப் பற்றியும் கட்டுரை தவறாக நினைக்கவைக்கிறது. ரீயூனியன் பிரான்ஸின் மாகாணம்தான், 1946இல் இருந்து. ஆனால் ஒரே விசாவில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் போகவிடுகிற ஷெங்கன் வட்டத்துக்குள் அது இல்லை. ஷெங்கன் விசா கையில் இருக்கிறது, அதோடு போய்விடலாம் என்று எண்ணினால் விமானநிலையத்தில் நிறுத்துவார்கள். ரீயூனியன் என்று குறிப்பிட்டே விண்ணப்பிக்கவேண்டும், நேரம் வைத்து விண்ணப்பிக்கவேண்டும். 2018இல் இருந்து நம் நாட்டவர்கள் மீன்பிடிப் படகுகளில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடல் தாண்டி அந்தத் தீவுக்குப் போனதும், பலர் விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டதும் உங்கள் பத்திரிகையிலேயே வந்தது. ரீயூனியன் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டதே அந்தச் செய்திகளில்தான். அது வேறு கதை, வேதனையான கதை. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவர் விடுதிப் பதிவு, திரும்பி வருகிற ரிக்கட், காப்புறுதி, வேலையிடத்துக் கடிதம் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருப்பது எவ்வளவு அவசியம் என்று இதிலிருந்தே தெரியும். காப்புறுதி எடுக்கும்போது மலைமீட்பும் ஹெலிகொப்டரும் அதற்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே அவசர இலக்கம் 112. மாஃபாத்தில் கால் முறிந்தால் வருவது அம்புலன்ஸ் இல்லை.

பயிற்சிக்கு நாம் கொடுத்துவைத்தவர்கள், கொழும்பில் இருந்து ரயில் ஏறினால் மலை. காலிமுகத்திடலில் தினமும் நடப்பது நல்லது, ஆனால் அது தட்டை நிலம், தொடைக்கும் முழங்காலுக்கும் அது போதாது. வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளில் இருக்கிறவர்கள் லிப்டை விட்டுவிட்டுப் பையோடு படியேறுங்கள், முக்கியமாகப் படி இறங்குங்கள். பிறகு சிவனொளிபாதமலைக்கு இரத்தினபுரிப் பக்கத்தில் இருந்து ஏறிப்பாருங்கள், ஹட்டன் பக்கத்தைவிட நீளமான பாதை அது. அதற்கப்புறம் பெக்கோ ட்ரெயில், மலையகத்தைச் சுற்றி 22 கட்டமாக 300 கிலோமீற்றர். அதில் தொடர்ந்து வருகிற நான்கு ஐந்து கட்டங்களை எடுத்து, நடுவில் ஒரு நாளும் விடாமல், ரீயூனியனுக்குக் கொண்டுபோகப்போகிற அதே பை, அதே சப்பாத்தோடு நடவுங்கள். ஒரு நாள் நன்றாக நடக்க யாராலும் முடியும். நான்காம் நாள் காலையில் எழும்பிச் சப்பாத்துப் போட மனம் வருகிறதா என்றுதான் பார்க்கவேண்டும். 2023இல் மலையகத் தமிழர் இங்கே வந்து 200 வருடம் ஆனதன் நினைவாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை இரண்டு கிழமைக்கு மேல் நடந்தார்களே, அவர்களில் யாரையாவது தெரிந்தால் கேட்டுப்பாருங்கள், தொடர்ந்து நடக்கிற உடம்பு எப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

அந்த நான்காம் நாள் உடம்பு மறுத்தால் குறுக்கு நடையை விட்டுவிடுங்கள், தீவை விடத் தேவையில்லை. ஜிஆர் ஆர்3 என்று மாஃபாத்துக்குள்ளேயே சுற்றிவருகிற பாதை நாற்பது கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. ஜிஆர் ஆர்1, மாஃபாத், சிலாவோஸ், சலாஸி என்ற மூன்று பள்ளத்தாக்குகளையும் தொட்டு பிதோன் தே நேஜைச் சுற்றிவருவது, அறுபது கிலோமீற்றர். முதல் தடவை போகிறவர்களுக்கு, அதுவும் குழுவில் வயதானவர் ஒருவர் இருந்தால், நான் சொல்வது மாஃபாத் சுற்றுத்தான். கடற்கரையில் இருந்து கடற்கரைக்கு நடந்தேன் என்று சொல்லும் பெருமை கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு குடியிருப்பிலும் உட்கார்ந்து ஆட்களோடு கதைக்க நேரம் கிடைக்கும், எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

கதைப்பது என்றதும் ஒன்று. தமிழர் இருக்கிற தீவுதானே, தமிழிலேயே சமாளிக்கலாம் என்று கட்டுரை சொல்கிறது. 1848இல் அங்கே அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டுக் கரையில் இருந்து ஆயிரமாயிரம் பேரை ஒப்பந்தத்தில் கொண்டுபோனார்கள், அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றைக்கும் கோயில் கட்டி, காவடி எடுத்து, தீமிதித்து வாழ்கிறார்கள். அதைப் பார்த்தபோது நமது மலையகத்துக்கு வந்தவர்களின் கதைதான் என் மனதில் ஓடியது. ஆனால் வீட்டிலும் தெருவிலும் அவர்கள் பேசுவது பிரெஞ்சில் இருந்து பிறந்த கிரியோல், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. முருகன் பெயர் வைத்திருக்கிறவரிடம் தமிழில் பேசி அவர் விளங்காமல் நின்றால் அதைக் குறையாகப் பார்க்காதீர்கள். போவதற்கு முன் கொஞ்சம் பிரெஞ்சு படியுங்கள். மலைவிடுதிகளில் ஆங்கிலம் நம்பிப் போகமுடியாது, பாதை மூடப்பட்ட அறிவித்தல்களும் பிரெஞ்சில்தான் இருக்கும். வனத்துறை வெளியிடும் பாதை நிலவரத்தையும் மெத்தியோ பிரான்ஸின் வானிலை அறிக்கையையும் கிளம்புகிறதற்கு முதல் நாள் மாலையில் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது குழுவில் இருக்கவேண்டும். தொலைபேசியை மட்டும் நம்பாமல் கடதாசி வரைபடமும் எடுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் வரும் போகும். காட்டில் நெருப்பு மூட்டவே கூடாது, 2010இலும் 2011இலும் மாஃபாத்துக்கு மேற்கே மேலே இருக்கிற மாய்தோப் பக்கம் பெரிய காடு எரிந்தது.

ஆசிரியர் அவர்களே, வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், டிசம்பர் என்பதை மே முதல் ஒக்டோபர் என்று திருத்திப் போடுங்கள். ஏழு நாள் என்பதையும் விசா பற்றிய வரியையும் சேர்த்துத் திருத்துங்கள். எங்கள் குழுப் பிள்ளைகளிடம் ரிக்கட் காசைக் கட்டவேண்டாம், ஞாயிறு வரை பொறுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வரும் செப்டம்பருக்குப் போக விரும்புகிறவர்கள் யாராக இருந்தாலும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்கு வரலாம். வரைபடத்தை விரித்துவைத்து ஒவ்வொரு நாளாகச் சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
நடைக்குழு வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06